மெதுவாகப் போனவளுக்கு முதல் பரிசு

ஓட்டப்பந்தயத்தில் என்னைவிட மெதுவாக ஓடிய பெண் எங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்ததாக நினைவில்லை. விளையாட்டு விழா என்றால் நூறு மீட்டர், இருநூறு மீட்டர், நீளம் தாண்டுதல், குண்டு எறிதல். எதை எடுத்தாலும் அதே இரண்டு மூன்று பெண்கள்தான் மேடைக்குப் போவார்கள். அவர்கள் உண்மையிலேயே கெட்டிக்காரிகள், குறை சொல்ல ஒன்றுமில்லை. மீதிப் பேருக்குக் கைதட்டுகிற வேலை. பேச்சுப் போட்டிக்குப் பேர் கொடுக்கலாம் என்றால், மைக்கைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். கோலத்தில் புள்ளி நேராக வைப்பேன், இழுக்கிற கோடு கோணிக்கொண்டு போகும். ஏழாம் வகுப்பு முடிகிற சமயத்தில், பரிசு என்பது வேறு வீட்டுப் பிள்ளைகளின் சமாசாரம் என்று எனக்குள் முடிவாகிவிட்டிருந்தது. அதில் எனக்கு வருத்தம்கூட இருக்கவில்லை. இப்போது யோசித்தால் அந்த வருத்தமின்மைதான் உறுத்துகிறது.

அந்தக் கோடை விடுமுறையில், 1992-இல், எனக்கு முதல் பரிசு கிடைத்தது. கடைசியாக வந்து சேர்கிறவருக்கே முதல் பரிசு என்கிற போட்டி அது. மெதுவாக சைக்கிள் ஓட்டும் போட்டி.

எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில் அன்னவாசல் பக்கம். மழை பெய்தால் கண்மாய் நிறையும், பெய்யாத வருஷம் ஆண்கள் பெண்கள் எல்லோரும் கல்குவாரிக்குப் போவார்கள். பஸ் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு வரைதான் உண்டு. அதற்கு மேல் படிக்க வேண்டுமென்றால் அன்னவாசலுக்குப் போக வேண்டும். பையன்கள் சைக்கிளில் போனார்கள். பெண் பிள்ளைகள் எட்டாவதோடு ஆடு மேய்க்கவோ சல்லி உடைக்கவோ போனார்கள். இதை யாரும் கொடுமை என்று நினைத்துச் செய்யவில்லை. தூரம் அதிகம், பள்ளிக்கூட நேரத்துக்கு பஸ் கிடையாது, வயசுக்கு வந்த பிள்ளையைத் தனியாக நடத்தி அனுப்ப முடியாது. அவ்வளவுதான் கணக்கு.

1991-இல் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். சாயங்காலமானால் கோயில் திண்ணையிலும் மரத்தடியிலும் அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு பெரியவர்கள் எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். அந்த இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக்கொண்டது. பாடம் நடத்தப் பெண் தொண்டர்கள் ஊர் ஊராகப் போயாக வேண்டும், பஸ்ஸை நம்பினால் ஒரு நாளில் ஓர் ஊர்கூடத் தேறாது. அவர்கள் ஓட்டி வருவதைப் பார்த்து ஊர்ப் பெண்களும் கேட்டார்கள். குவாரித் தொழிலாளிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், கிராமச் செவிலியர்கள், விவசாயக் கூலிக்குப் போகிறவர்கள் என்று எல்லோரும் கற்றார்கள். சைக்கிள் வாங்கப் பெண்களுக்கு வங்கிக் கடன் ஏற்பாடு செய்தார்கள். லேடீஸ் சைக்கிள் கடைகளில் தீர்ந்துபோய், பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே பலர் வாங்கினார்கள். பாரில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்பதால் அதுவே வேண்டும் என்று கேட்டு வாங்கியவர்களும் உண்டு. பத்திரிகையாளர் பி.சாய்நாத் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். மாவட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள் என்றும், அவர்களில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஊர் கூடிப் பார்க்கிற போட்டிகளில் ஓட்டிக் காட்டினார்கள் என்றும் அவர் கணக்குச் சொல்கிறார். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி, என் சித்தியும் ஒருத்தி.

சித்தி குவாரியில் வேலை பார்த்தாள். வேலை முடிந்து வந்து, நிலா வெளிச்சத்தில் வறண்ட கண்மாய்க்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவாள். பகலில் ஓட்டினால் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிற ஆம்பிளைகள் சிரிப்பார்கள். சைக்கிள் வாடகைக்கு எடுத்தது, மணிக்கு ஒரு ரூபாய். காசு கொடுத்த நேரத்தை வீணாக்கக் கூடாதென்று என்னைக் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடிவரச் சொல்வாள். நான் பிடித்துக்கொண்டு ஓடியதற்குக் கூலி, கடைசிப் பத்து நிமிஷம் எனக்கு. அப்படித்தான் கற்றேன். எங்கள் ஊரில் அதுவரைக்கும் பெரியவர்கள்தான் பிள்ளைகளுக்கு எதையும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சித்தியும் நானும் ஒரே வித்தையை ஒரே மண்ணில் விழுந்து எழுந்து ஒரே சமயத்தில் கற்றது ஊருக்குப் புதுசு. ஒரு பிள்ளைக்குத் தன்னம்பிக்கை வரவேண்டுமானால் பெரியவர்கள் அதன் கண்ணெதிரே புதிதாக ஒன்றைக் கற்பது நல்லது என்று இன்றைக்கும் நான் சொல்வதுண்டு. அறிவுரையைக் காட்டிலும் அது வேலை செய்கிறது.

போட்டி பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது. சுண்ணாம்புத்தூளால் நீளமாகக் கோடு போட்டு ஆளுக்கு ஒரு தடம் ஒதுக்கியிருந்தார்கள். கால் தரையில் பட்டால் அவுட், கோட்டைத் தாண்டினால் அவுட். வயசு வித்தியாசம் பார்க்காமல் கற்றுக்கொண்ட எல்லோரையும் சேர்த்து நிறுத்தினார்கள். எனக்கு அறிவொளி அக்கா ஒருத்தர் தன் சைக்கிளைக் கொடுத்தார். அடுத்த தடத்தில் சித்தி. புடவைக் கொசுவத்தை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு, ஆண்கள் சைக்கிளில். விசில் ஊதுவதற்கு முன்னால் என் பக்கம் திரும்பி, “வீலப் பாக்காதடி. அந்தா தெரியுதுல்ல வேப்பமரம், அதப் பாரு. கீழ பாத்தா கீழதான் போவ” என்றாள்.

வேப்பமரத்தையே பார்த்தேன். பக்கத்தில் ஒவ்வொருவராகக் கால் ஊன்றும் சத்தமும், கூட்டத்தின் “ஓ”வும் காதில் விழுந்துகொண்டிருந்தன. பாதி தூரத்தில் சித்தியும் ஊன்றினாள். அதற்குப் பிறகு தடத்தில் மிச்சமிருந்தது நானும், அஞ்சல் நிலையத் தெரு அத்தை ஒருத்தரும். அத்தைக்குக் கடைசி நேரத்தில் அவசரம் வந்துவிட்டது. பெடலை ஓங்கி மிதித்துக் கோட்டைத் தாண்டிப் போய் நின்றார். அவர் போனதற்குப் பின்னாலும் நான் போய்க்கொண்டே இருந்தேன். எனக்கே தெரியாமல் ஜெயித்துவிட்டிருந்தேன். மைக்கில் என் பேரைச் சொன்னார்கள். சித்தி ஓடிவந்து சைக்கிளோடு சேர்த்து என்னைப் பிடித்துக்கொண்டு, “நான் சொல்லிக் குடுத்தது, நான் சொல்லிக் குடுத்தது” என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள்.

பரிசு, பழைய செய்தித்தாளில் சுற்றிய ஒரு எவர்சில்வர் தூக்குவாளி. வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினேன். அப்பாயி மூடியைத் திறந்து உள்ளே பார்த்துவிட்டு, “கடசியா வந்தவளுக்கா பரிசு? வெளங்கிரும்” என்றது. ஆனால் மறுநாள் காலையிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர்களிடம் அதைக் காட்டிக்கொண்டிருந்ததும் அப்பாயிதான்.

அம்மா அதற்குப் பெயர் வெட்ட வேண்டும் என்றாள். எங்கள் வீட்டுப் பாத்திரங்களில் அதுவரை இருந்த பெயர்களெல்லாம் அம்மா கல்யாணத்துக்குச் செய்தவர்களின் பெயர்கள்: தாய்மாமன், பெரியப்பா, குவாரி மேஸ்திரி. என் பெயர் போட்ட பாத்திரம் ஒன்றும் கிடையாது. புதுக்கோட்டை கீழராஜ வீதியில் ஒரு பாத்திரக் கடையில் உட்கார்ந்து பெயர் வெட்டுகிறவரிடம் கொண்டுபோனோம். எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி. என் பெயரும், ‘முதல் பரிசு’ என்பதும், வருஷமும் போடச் சொன்னாள். வெட்டி முடித்துக் கொடுத்ததை அம்மா வாங்கிக் கண்ணுக்கு அருகில் வைத்து, ஒவ்வொரு எழுத்தாக விரலால் தொட்டுக்கொண்டே போனாள். அவள் அறிவொளி வகுப்பில் படிக்க ஆரம்பித்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

“அண்ணே, ‘முதல பரிசு’ன்னுல்ல இருக்கு? மேல புள்ளி எங்க?”

அவர் வாங்கிப் பார்த்தார். சிரித்துக்கொண்டே ஒரு தட்டுத் தட்டி ல்-க்குப் புள்ளி வைத்துக் கொடுத்தார். புள்ளிக்குக் காசு வாங்கவில்லை.

இனி, இதிலிருந்து நான் பிடித்துக்கொண்ட விஷயங்கள். முதலில் சைக்கிள். பொங்கல் விளையாட்டில் இந்தப் போட்டி இல்லாத ஊர் குறைவு, ஆனால் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கிறவர்கள் அதைவிடக் குறைவு. “மெதுவாப் போ” என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்.

மெதுவாகப் போவது ஏன் கஷ்டம் என்று முதலில் தெரிய வேண்டும். சைக்கிள் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஹேண்டிலைத் திருப்புகிறோம். சக்கரம் நகர்ந்து வந்து, சாய்கிற உடம்புக்கு அடியில் நின்றுகொள்கிறது. சைக்கிள் விழாமல் இருப்பதன் சூட்சுமம் பெரும்பாலும் இதுதான். வேகமாகப் போகும்போது ஹேண்டிலை இம்மி அசைத்தாலே போதும். வேகம் குறையக் குறைய அதே வேலைக்கு நிறையத் திருப்ப வேண்டியிருக்கிறது. சக்கரம் சுழல்கிற விசைதான் நம்மைத் தாங்குகிறது என்று பள்ளியில்கூடச் சொல்வார்கள். டேவிட் ஜோன்ஸ் என்கிற ஆங்கிலேய விஞ்ஞானி, எதிர்த்திசையில் சுழலும் இன்னொரு சக்கரத்தை மாட்டி அந்த விசையை ரத்து செய்துவிட்டு அந்த சைக்கிளை ஓட்டியே காட்டினார். 1970-இல் அதைக் கட்டுரையாகவும் எழுதினார். ஆகவே பிள்ளையிடம் “ஹேண்டிலை ஆட்டாதே” என்று சொல்லாதீர்கள். நிறையப் பேர் சொல்கிற தப்பான யோசனை அது. ஆட்டத்தான் வேண்டும். தடத்துக்குள் வலமும் இடமுமாக நெளிந்து நெளிந்து போனால் தூரமும் கூடும், நேரமும் கூடும்.

அடுத்தது பிரேக். பின் பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே மிதிக்க வேண்டும். பிடிப்பதும் மிதிப்பதும் ஒரே சமயத்தில். செயின் எப்போதும் இறுக்கமாக இருக்கும், எவ்வளவு நகர வேண்டுமோ அவ்வளவே நகரும். முன் பிரேக்கைத் தொடவே கூடாது. ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைப் பிடித்தால் ஆள் அப்படியே சாய்வார். பெடலை முழுச் சுற்று சுற்றவும் வேண்டாம். கால்வாசி மிதித்து, பின்னுக்கு இழுத்து, மறுபடி கால்வாசி. பிரீவீல் இருப்பதால் பின்னுக்கு இழுக்கும்போது சைக்கிள் ஒன்றும் செய்யாது. இது பழகிவிட்டால் பாதி ஜெயித்த மாதிரி.

உட்காருகிற விதமும் முக்கியம். பயந்துபோய்க் குனிந்து ஹேண்டில்பாரோடு ஒட்டிக்கொள்கிற பிள்ளைகள்தான் முதலில் விழுகின்றன. உள்ளங்கையில் ஒரு பென்சிலை நிறுத்திப் பாருங்கள், பிறகு ஒரு துடைப்பக் கட்டையை நிறுத்திப் பாருங்கள். கட்டை மெதுவாகச் சாயும், சமாளிக்க நேரம் தரும். நிமிர்ந்து உட்கார்ந்தால் நமக்கும் அந்த நேரம் கிடைக்கிறது. டயரில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் காற்றைக் குறைத்துவிட்டால் வண்டி தானாக ஓடுகிற வேகம் குறையும். தரை கெட்டியாக இருக்க வேண்டும். மணலில் ஹேண்டிலைத் திருப்பினால் முன்சக்கரம் புதையும். சித்தி சொன்ன வேப்பமரமும் அறிவியலுக்கு ஒத்துத்தான் வருகிறது. தூரத்தில் ஒன்றைப் பார்த்தால், நாம் சாய்வது நமக்கு முன்கூட்டியே தெரிகிறது.

பழகுவதற்கு ஒரு வழி: வீட்டு வாசலில் இரண்டு கோடு போட்டு, கைப்பேசியில் நேரம் பாருங்கள். இன்றைக்குப் பிடித்த நேரத்தை நாளைக்கு அதே பிள்ளை தாண்டினால் போதும். அடுத்த வீட்டுப் பிள்ளையின் நேரம் போட்டி அன்றைக்குத் தெரிந்துகொள்ளலாம்.

சைக்கிள் கதை இது போதும். பரிசைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டியது வேறு.

அந்தத் தூக்குவாளி எனக்குத் தந்த பெரிய லாபம் ஒரு வருஷம் கழித்துத்தான் வந்தது. எட்டாவது முடித்ததும், அன்னவாசல் உயர்நிலைப் பள்ளிக்கு சைக்கிளில் போகிறேன் என்று கேட்டேன். அப்பாவுக்கு இஷ்டமில்லை. பொட்டப்பிள்ளை ரோட்டில் தனியாக சைக்கிள் ஓட்டினால் ஊர் என்ன சொல்லும் என்றார். அம்மா சட்டென்று, “ஊரு என்ன சொல்லும்? அன்னிக்கு ஊரே கைதட்டுச்சு, நீங்களுந்தான் தட்டுனீங்க” என்றாள். அப்பாவுக்குப் பதில் கிடைக்கவில்லை. ஊரார் முன்னிலையில் ஓட்டி ஜெயித்தவளை, ஊராருக்குப் பயந்து ஓட்டாதே என்று சொல்ல வழியில்லாமல் போயிற்று. கண்மாய்க்குள் இருட்டில் கற்ற வித்தையை மைதானத்தில் மைக் கட்டிப் போட்டியாக வைத்தவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். பரிசு என் கையில் கொடுக்கப்பட்டது, ஆனால் அது பேசியது என் அப்பாவிடம்.

பரிசு கிடைத்தால் பிள்ளைக்கு உற்சாகம் வரும் என்று மட்டும் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். உற்சாகம் வரும், இரண்டு நாளில் போகவும் போகும். வீட்டில் உள்ளவர்கள் அந்தப் பிள்ளையை எதற்கெல்லாம் அனுமதிக்கிறார்கள் என்பது மாறினால்தான் பரிசு வேலை செய்ததாக நான் ஒத்துக்கொள்வேன். சமைக்கத் தெரியாத பையன் என்று நினைத்திருந்தவனுக்குச் சமையல் போட்டியில் பரிசு கிடைத்த பிறகு அவனை அடுப்படிக்குள் விடுகிறார்களா? திக்கிப் பேசுகிற பெண்ணுக்கு வாசிப்பில் பரிசு கிடைத்த பிறகு வீட்டு விசேஷத்தில் அவளைப் பேச விடுகிறார்களா? இதைத்தான் பார்க்க வேண்டும்.

நான் இப்போது திருச்சியில் இருக்கிறேன். எங்கள் குடியிருப்பில் பொங்கல் விளையாட்டுகளை நடத்துகிற கூட்டத்தில் வருஷா வருஷம் என்னைச் சேர்த்துவிடுகிறார்கள். அதில் நான் பிடிவாதமாக வைத்திருக்கிற சில பழக்கங்கள் உண்டு, அதற்காக என்னோடு சண்டைபோடுகிறவர்களும் உண்டு.

போட்டிகளைத் தேர்வு செய்யும்போது, இதுவரை எந்தப் பிள்ளைக்குப் பரிசே கிடைக்கவில்லை என்று முதலில் எண்ணிப் பார்ப்போம். அந்தப் பிள்ளை ஜெயிக்கக்கூடிய ஆட்டம் பட்டியலில் இருக்கிறதா? இல்லையென்றால் சேர்ப்போம். பூ கட்டுதல், ஊசியில் நூல் கோத்தல், ஒரு மாங்கொட்டையை எவ்வளவு தூரம் எறிவது என்று எதையாவது. இது ஏமாற்று வேலை என்று ஒரு நண்பர் சண்டைக்கு வந்தார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. நூறு மீட்டர் ஓட்டத்தைத் தேர்ந்தெடுத்ததும் யாரோ ஒருவர்தானே? அது வேகமாக ஓடுகிறவர்களுக்காகவே செய்த ஏற்பாடு என்று யாரும் சொல்வதில்லை. ஆட்டத்தை விதவிதமாக வைக்கலாம், ஆனால் ஆட்டத்துக்குள்ளே தாட்சண்யம் பார்க்கக் கூடாது. கால் ஊன்றினால் அவுட்தான், தலைவர் வீட்டுப் பேரனாக இருந்தாலும்.

எல்லாப் பிள்ளைக்கும் ஏதாவது கொடுத்துவிடுவது என்ற பழக்கமும் இப்போது பரவிவிட்டது. பென்சில் பெட்டியோ, பிஸ்கட் பாக்கெட்டோ எல்லோருக்கும் கொடுங்கள், நல்லதுதான். அதை முதல் பரிசு என்ற பேரில் மட்டும் கொடுக்காதீர்கள். பிள்ளைகளை ஏமாற்ற முடியாது. ஐந்து வயசுப் பிள்ளைக்குக்கூட யார் ஜெயித்தது என்று தெரியும்.

என்ன பரிசு என்பதை முன்கூட்டிச் சொல்வதில்லை. இதற்கு ஒரு பழைய ஆய்வு துணைக்கு இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து மழலையர் பள்ளியில், படம் வரைவதில் ஆசையுள்ள குழந்தைகளை மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவிடம், வரைந்தால் ரிப்பன் ஒட்டிய சான்றிதழ் தருவோம் என்று முன்பே சொன்னார்கள். இன்னொரு பிரிவுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் பிறகு கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. சில நாள் கழித்து, இஷ்டப்படி விளையாடலாம் என்று விட்டபோது, முன்பே ஆசைகாட்டப்பட்ட குழந்தைகள், மற்றப் பிள்ளைகள் வரைந்த நேரத்தில் பாதியளவே வரைந்தார்கள். சொல்லாமல் வாங்கிய பிள்ளைகளின் ஆசை அப்படியே இருந்தது. 1973-இல் வெளியான ஆய்வு இது. பரிசே கெடுதல் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள பிள்ளைகளைப் பற்றியது அது. ஆனால் சைக்கிள் போட்டிக்கு ஒரு மாதம் முன்பே ‘முதல் பரிசு ஸ்மார்ட் வாட்ச்’ என்று பேனர் கட்டுகிறவர்கள் ஒரு நிமிஷம் யோசிக்கலாம். எங்களுக்குச் செய்தித்தாளுக்குள் என்ன இருக்கிறது என்று கடைசிவரை தெரியாது. தெரிந்திருந்தால் சித்தி எனக்கு வேப்பமரத்தைக் காட்டியிருப்பாளா என்பது சந்தேகம், தூக்குவாளி அவளுக்கும் தேவைப்பட்டது.

பரிசுப் பொருள் வீட்டில் புழங்குகிறதாக இருக்கட்டும். பிளாஸ்டிக் கோப்பை மூன்று மாதத்தில் முலாம் உரிந்து பரணுக்குப் போய்விடும். பாத்திரமோ, குடையோ, நல்ல டார்ச் லைட்டோ நாளுக்கு இரண்டு தடவை கண்ணில் படும். “இது யாருது? இது பிள்ள ஜெயிச்சது” என்று வருகிறவர்களிடம் சொல்ல ஒரு வாய்ப்பு. புத்தகம் கொடுப்பது நல்ல வழக்கம், ஆனால் நன்கொடையாக வந்து தேங்கியதை எடுத்துக் கொடுக்காதீர்கள். ஏழு வயசுப் பிள்ளைக்கு வருமான வரி கையேடு பரிசாகப் போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஆட்டம் முடிந்த இடத்தில், முடிந்த கையோடு பரிசைக் கொடுத்துவிட வேண்டும். காலையில் ஓடி ஜெயித்த பிள்ளையை ராத்திரி பத்து மணி வரை உட்கார வைத்து, சிறப்பு விருந்தினர் வந்து, அவர் பேசி, அவருக்குப் பொன்னாடை போர்த்தி, அதற்கு நன்றி சொல்லி முடிக்கிற வரை பிள்ளை அம்மா மடியில் தூங்கிப்போயிருக்கும். எழுப்பி மேடையேற்றினால் எதற்காக ஏறுகிறோம் என்று அதற்குப் புரியாது. போட்டோவில் கண்ணை மூடிக்கொண்டிருக்கும். விருந்தினர் கையால் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் அவரைக் காலையில் மைதானத்துக்கு வரச் சொல்லுங்கள். வரமாட்டார் என்றால் அந்தக் குடியிருப்பில் மூத்த ஆயா யாராவது இருப்பார், அவர் கொடுக்கட்டும்.

கொடுக்கும்போது பிள்ளையின் வீட்டுப் பெரியவர்கள் கட்டாயம் அங்கே நிற்க வேண்டும். இதற்காகவே நான் முதல் நாளே வீடு வீடாகப் போய், “உங்க பிள்ளை நாளைக்கு ஓட்டுது, அரை மணி நேரம் வந்துட்டுப் போங்க” என்று சொல்லிவிட்டு வருவேன். கடைக்குப் போகிற அப்பாக்கள் முணுமுணுப்பார்கள், ஆனாலும் வருவார்கள். என்ன செய்து ஜெயித்தது என்பதை மைக்கில் விவரமாகச் சொல்ல வேண்டும். “முதல் பரிசு, இன்ன வகுப்பு” என்று வாசித்துவிட்டு அடுத்த பேருக்குப் போவதால் பிரயோசனமில்லை. “பக்கத்துத் தடத்துல ரெண்டு பேர் விழுந்தாங்க, இவ திரும்பிப் பாக்கல” என்று சொன்னால் அந்த வீட்டில் ஒரு வாரம் அதுவே பேச்சு.

ஜெயித்த பிள்ளையின் பெற்றோருக்கு ஒரு சொல். அடுத்த போட்டிக்கு உடனே பேர் கொடுத்துவிடாதீர்கள். அதற்குப் பதில் இத்தனை நாள் “உனக்கு வேண்டாம்” என்று சொல்லி வைத்திருந்த ஒன்றைத் திறந்துவிடுங்கள். கடைக்குத் தனியாகப் போவது, பாட்டியை பஸ் ஏற்றிவிட்டு வருவது, மளிகைக் கணக்கு எழுதுவது. எங்கள் வீட்டில் அது அன்னவாசல் ரோடு.

இந்தப் பொங்கலுக்கு எங்கள் தெருவில் ஒரு தகராறு ஓடிக்கொண்டிருக்கிறது. கியர் வைத்த சைக்கிளை மெதுவாக ஓட்டும் போட்டியில் அனுமதிக்கலாமா கூடாதா என்று. குறைந்த கியரில் போட்டுக்கொண்டால் ஒரு மிதிக்கு வண்டி நகர்கிற தூரம் குறைகிறது, அது அநியாயம் என்று சாதா சைக்கிள் வைத்திருக்கிற பிள்ளைகள் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது சரிதான். தனிப் பிரிவாக வைத்துவிடலாம் என்பது என் யோசனை. தடத்துக்குத் தடம் நாலடி விட வேண்டும், ஒருவர் விழுந்தால் அடுத்தவர் மேல் விழக் கூடாது. ஆடாமல் ஒரே இடத்தில் நின்று சமாளிக்கிறவரை என்ன செய்வது என்பதை விசிலுக்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். போன வருஷம் ஒரு பையன் அப்படி நின்றே எல்லோரையும் திணற அடித்தான்.

சைக்கிள் இல்லாத பிள்ளைகள் எங்கள் தெருவிலும் உண்டு. சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம், கட்டட வேலைக்கு வந்து தங்கியிருக்கிற குடும்பங்களில் இன்னும் அதிகம். அவர்களுக்காக இரவல் சைக்கிள் இரண்டு, பின் பிரேக் நன்றாகப் பிடிக்கிறதா என்று பார்த்து, காற்றைக் கொஞ்சம் குறைத்து, ஒரு வாரம் முன்பே அவர்கள் கையில் கொடுத்துவிட வேண்டும். போட்டி அன்றைக்குக் காலையில் கொடுத்தால் போதாது.